தலையாரி நுழையாத கதை

இங்கிலாந்தின் வடமேற்குக் கோடியில், முன்னாளில் கம்பர்லாந்து என்று வழங்கிய சீமையின் மலைகளையும் ஏரிகளையும் களமாகக் கொண்டு, ஜான் பியூட் என்ற புனைபெயரில் எர்னெஸ்ட் எல்மோர் என்பவர் 1935-இல் வெளியிட்ட 'தி லேக் டிஸ்ட்ரிக்ட் மர்டர்' என்னும் போலீஸ் நாவலை, மர்மக்கதை என்ற எதிர்பார்ப்போடு கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றத்தோடுதான் கீழே வைப்பார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு மோட்டார்க் கொட்டகையில், காருக்குள் அமர்ந்தபடி ஒருவன் இறந்து கிடக்கிறான். கண்டவர்கள் தற்கொலை என்கிறார்கள். வீட்டிலோ அவனுக்கு வேண்டிய உணவு மேஜையில் எடுத்து வைத்தபடி இருக்கிறது. சாகத் துணிந்தவன் தன் பசிக்கு ஏற்பாடு செய்துகொள்வானா என்று இன்ஸ்பெக்டர் மெரிடித் ஐயுறும் இடம் வரையில் கதைக்கு ஒரு வேகம் உண்டு. அதற்குப்பின், குற்றம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது வெகு சீக்கிரத்தில் புலனாகிவிட, எஞ்சிய பக்கங்களில் பெரும்பகுதி பெட்ரோல் லாரி எந்த வழியே எத்தனை மணிக்குப் போயிற்று, எந்தத் தொட்டியில் எத்தனை காலன் இறங்கிற்று என்ற கணக்கிலேயே கழிந்துவிடுகிறது.

அப்படியிருந்தும், ஏறக்குறைய 80 ஆண்டுகள் கழித்து அந்நூல் பிரிட்டிஷ் நூலகத்தாரால் மறுபடியும் அச்சிடப்பெற்று, புதிய வாசகர்களையும் பெற்றது. கெஸ்விக் என்ற சிற்றூரும், அதைச் சுற்றிய ஏரிக்கரைச் சாலைகளும், மேற்கே கடலோரத்துத் துறைமுகப் பட்டினங்களும், மோட்டார் சைக்கிளில் அவற்றினூடே அலையும் ஒரு சாதாரண மாகாணப் போலீஸ்காரரின் நாள்முறை உழைப்பும் அதில் உண்மையாக இருக்கின்றன என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். புதிர் பழுதாயிற்று, ஊர் பழுதாகவில்லை. அச்சீமையை ஒருபோதும் காணாதவனும் அந்நாவலை மூடியபின் அதன் வழிகளை மனத்தில் வரைந்துகொள்ள முடியும்.

நம் தமிழில் துப்பறியும் கதை தோன்றி நூறாண்டுகளுக்குமேல் சென்றுவிட்டன. அதன் ஆரம்ப காலத்துப் பிரதிகளை இன்று எடுத்துப் படிப்பவனுக்கு நேரும் ஏமாற்றம் வேறு விதமானது. முடிச்சுகளுக்குக் குறைவில்லை, மாறுவேஷங்கள், கடத்தல்கள், இறந்தவர் மீண்டு வருதல், பொய்க் கையெழுத்து, நள்ளிரவு வண்டிப் பயணம் எல்லாம் தாராளமாக உண்டு. அவை நிகழும் பூமியைத்தான் காணோம். இந்நாட்டில் களவு போனால் முதலில் யாரிடம் சொல்வார்கள், அவன் என்ன செய்வான், எந்த எல்லை வரையில் அவன் அதிகாரம் செல்லும் என்ற சங்கதி அக்கதைகளில் அரிதாகவே தென்படுகிறது. இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, பழைய வடாற்காட்டு ஜில்லாவுக்குள் அடங்கியிருந்த நாராயணவனத்தையும் அதைச் சூழ்ந்த பிரதேசத்தையும் முன்னிறுத்திச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாராயணவனம் புத்தூரை அடுத்து, ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஊர். ஆகாசராஜனின் தலைநகரமென்றும், அவன் மகள் பத்மாவதியை ஸ்ரீநிவாசன் மணம் புரிந்த ஸ்தலமென்றும் புராணம் கூற, கல்யாண வேங்கடேசுவரர் கோயில் கொண்டிருக்கும் அவ்வூரில், அத்திருமணத்துக்கு மாவு அரைத்ததாக ஐதிகம் வழங்கும் பெரிய கல் திருகையொன்று பக்தர்களுக்கு இன்றும் காட்டப்படுகிறது. 1967-இல் அக்கோயில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்துக்குள் வந்தது. நெசவு அவ்வட்டாரத்தின் பழந்தொழில். கார்வேட்டிநகர் ஜமீனின் சீமை அது; கும்பினியாரின் பழைய காகிதங்களில் பொம்மராஜபாளையம் என்று குறிக்கப்படுவதும் அந்த ஜமீனே. 1911-இல் சித்தூர் ஜில்லா பிரிக்கப்பட்டபோது அதில் சேர்ந்து, 1953-இல் ஆந்திர ராஜ்யம் உண்டானபோது அதனோடு சென்று, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி படாஸ்கர் எல்லைத் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியபோது எல்லைக்கு வடக்கே நின்றுவிட்ட நிலம் அது. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படும் இத்தகைய எல்லைப்புறங்களில், அரசாங்கங்கள் மாறினாலும் நீண்டகாலம் மாறாதிருந்த உத்தியோகம் ஒன்று உண்டு. தமிழர் அவனைத் தலையாரி என்றனர். தெலுங்கர் தலாரி என்றனர்.

1812-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட புகழ்பெற்ற ஐந்தாவது அறிக்கை, தென்னாட்டுக் கிராமத்தின் ஊழியர்களை ஒருவர்பின் ஒருவராக எண்ணிக்கொண்டு வருகையில், ஊர்த்தலைவனையும் கர்ணத்தையும் அடுத்துத் தலையாரியையும் தோட்டியையும் குறிப்பிடுகிறது. குற்றங்களைப்பற்றித் துப்பு அறிவதும், ஊர்விட்டு ஊர் செல்லும் பிரயாணிகளுக்கு வழித்துணையாய்ப் போய் அவர்களைக் காப்பதும் தலையாரியின் கடமையென்றும், பயிர்க்காவலும் அளவைக்கு உதவுவதும் மற்றவனுடைய கடமையென்றும் அது வகுக்கிறது. ஒரு கிராமம் தன் துப்பறிவாளனைத் தானே வைத்துப் போஷித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை. அவனுக்குச் சம்பளம் ரொக்கமாக இல்லை. மானிய நிலமும், அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் குடியானவன் அளந்துவிடும் மேரையுமே அவன் ஜீவனம். களவு நடந்தால் அந்த மேரைக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

எவ்வாறு பதில் சொன்னான்? சுவடு பார்த்துத்தான். களவு போன பொருளின் அடிச்சுவடு ஊர் எல்லையைக் கடந்து வெளியே செல்லவில்லையானால் அவ்வூர்த் தலைவனே நஷ்டத்துக்குப் பொறுப்பு என்பது யாக்ஞவல்கிய ஸ்மிருதி முதலிய பழைய தர்மநூல்களிலேயே காணப்படும் விதி. இந்நாட்டின் பல பாகங்களில் அது ஏட்டோடு நின்றுவிடாமல் நடைமுறையாகவே இருந்தது. பஞ்சாபிலும் குஜராத்திலும் கோஜி, பகி என்ற பெயர்களில் சுவடு பார்ப்பதையே குலத்தொழிலாகக் கொண்டவர்கள் அந்தக் கலையைப் பெரிய சாஸ்திரமாக வளர்த்திருந்தார்கள். விடியுமுன் எழுந்து, ஆடுமாடுகள் வழியில் நடந்து கலைப்பதற்குள், சந்தேகத்துக்குரிய ஒரு பாதச்சுவட்டைத் தேர்ந்து, ஒரு குச்சியால் அதன் நீளத்தையும் குதிகால் அகலத்தையும் அளந்து குறித்து, காற்றும் பனியும் படாமல் அதன்மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டு, அதே அளவும் அதே சாய்வும் உடைய அடுத்த சுவட்டைத் தேடிப் போவார்கள். சுமையோடு நடந்தவனுக்குக் குதிகால் ஆழமாகப் பதியும். ஓடினவனுக்கு விரல் நுனி மண்ணைப் பின்னால் வாரும். இடக்காலை இழுத்து நடப்பவனைக் கல்லாங்குத்து நிலத்திலும் இனம் காணலாம். சுவடு அடுத்த ஊர் எல்லைக்குள் நுழைந்துவிட்டால், அவ்வூர்க் காவற்காரனை வரவழைத்து, அதைக் காட்டி ஒப்படைத்துவிட்டால் இவன் பொறுப்பு தீர்ந்தது. அவன் பொறுப்பு தொடங்கிற்று. இரண்டு ஊர்க்காரர் எல்லைக் கல்லருகே நின்று, சுவடு உள்ளே போயிற்றா, கல்லைச் சுற்றித் திரும்பிற்றா என்று வாதாடும் ஒரு காட்சியை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். அதற்கு ஈடான அத்தியாயம் கெஸ்விக்கின் இன்ஸ்பெக்டருக்கு வாய்க்கவில்லை.

கிராமத்துக்கு மேலே பாளையக்காரர்களின் காவல் இருந்தது. காவற்பணம் வாங்கிக்கொண்டு, களவு போனதை மீட்டுத் தருவதற்கோ ஈடு செய்வதற்கோ அவர்கள் கடமைப்பட்டிருந்தார்கள். அந்த முறையில் நியாயமும் இருந்தது, கொடுமையும் இருந்தது. பணம் கொடாத ஊரில் களவு பெருகுவதற்குக் காவற்காரனே காரணமாவதும் உண்டு. கும்பினி அரசு வடாற்காட்டில் வேரூன்றியதும் இந்தக் காவலுரிமையைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. அதையொட்டி மூண்ட மனக்கசப்பும் கப்பத் தகராறும் சேர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சித்தூர்ப் பாளையங்கள் கிளர்ந்தெழுந்தன. படைகள் சென்று அவற்றை அடக்கின. பிறகு தாமஸ் மன்றோ என்ற கும்பினி அதிகாரியின் யோசனைகளைத் தழுவி வந்த 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ரெகுலேஷன், கிராம முன்சீபையும் அவன் கீழ்த் தலையாரியையும் மறுபடி போலீஸ் அமைப்பின் அடித்தளத்தில் நிறுத்தி, மேலே தாசில்தாரையும் கலெக்டரையும் வைத்தது. அந்த ஏற்பாட்டில் வரி வாங்கும் கையும் குற்றவாளியைப் பிடிக்கும் கையும் ஒன்றேயாகிவிட, அதனால் விளைந்த சித்திரவதைகளை 1855-இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதைக் கமிஷன் அறிக்கை உலகறியச் செய்தது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் போலீஸ் என்று நாம் அறியும் தனி இலாகா பிறந்தது. கிராமத்தில் மட்டும் தலையாரி அப்படியே இருந்தான். பிணம் கிடந்தால் முதலில் பார்த்தவன் அவன், முன்சீபு எழுதிய காகிதத்தை ஸ்டேஷனுக்குக் கால்நடையாய்க் கொண்டு சென்றவனும் அவனே.

இந்தப் பின்னணியில்தான் தமிழின் முதல் துப்பறியும் கதைநூல் பிறந்தது. பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார் 1894-இல் வெளியிட்ட 'தானவன்' அப்பெருமைக்குரியது. கிளாஸ்கோ நகரத்துத் துப்பறிவாளனாக டிக் டோனவன் என்ற பாத்திரத்தைப் படைத்து, அப்பெயரையே தமக்கும் புனைபெயராகச் சூட்டிக்கொண்ட மட்டக் என்ற ஆங்கில ஆசிரியரின் கதைகளே தானவனுக்கு மூலம் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கூறுவர். முதல் முயற்சியைச் செய்தவருக்கு நாம் நன்றி பாராட்டவே கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் சாஸ்திரியார் எத்தகையவர் என்பதை எண்ணுகையில் எனக்கு ஆற்றாமை மேலிடுகிறது. தொல்பொருள் இலாகாவில் பணியாற்றி, ஜேம்ஸ் பர்ஜெஸ் என்பவரோடு சேர்ந்து தமிழ், வடமொழிச் சாசனங்களின் தொகுதியொன்றை 1886-இல் பதிப்பித்தவர் அவர். ஊர் ஊராக வழங்கிய நாடோடிக் கதைகளைச் சேகரித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மேனாட்டாருக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. பதிவு இலாகாவில் உத்தியோகம் வகித்தபோது பத்திரங்களும் சாட்சிகளும் அவர் கண்முன் நாள்தோறும் குவிந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 1889-இல் கிளௌஸ்டன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் வெளியிட்ட கீழ்நாட்டுக் கதைத் தொகுதியொன்றில், தமிழ் அலகேச கதையை ஆங்கிலமாக்கித் தந்தவர் நடேச சாஸ்திரியார். அக்கதையில் நான்கு வழிப்போக்கர் வருகிறார்கள். ஒட்டகத்தைத் தொலைத்த வியாபாரி ஒருவன் எதிர்ப்பட்டதும், அது நொண்டியா என்கிறான் ஒருவன், ஒரு கண் குருடா என்கிறான் மற்றொருவன், வால் குட்டையா, வயிற்றுவலியால் வருந்துகிறதா என்று ஏனையோர் கேட்கிறார்கள். அரசன்முன் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு நிற்கையில்தான் அவர்கள் ஒட்டகத்தையே கண்டதில்லை என்பது வெளியாகிறது. மூன்று பாதங்களின் சுவடே மண்ணில் நன்றாய்ப் பதிந்திருந்தது. வழியோரத்துத் தழை ஒரு பக்கத்தில் மட்டுமே மேய்ந்திருந்தது. வாலால் விரட்ட மாட்டாமல் கொசு கடித்த இரத்தத்துளிகள் தரையில் இருந்தன. முன்கால் அழுந்தவும் பின்கால் மெல்லவும் ஊன்றியிருந்தது. இக்கதையின் வேறொரு வடிவத்தை உறவாகக் கொண்டே வால்ட்டேர் 1747-இல் தம் 'ஜாதிக்'கில் காணாமற்போன நாயையும் குதிரையையும் பற்றிய அத்தியாயத்தை அமைத்தார். துப்பறியும் கதையின் வரலாறு எழுதுவோர் அவ்வத்தியாயத்தைத் தவறாமல் சுட்டுவார்கள். ஆக, ஐரோப்பியர் எதைத் தங்கள் துப்பறியும் கதையின் விதை என்கிறார்களோ, அதன் தமிழ்ப் பிரதியைத் தம் கையால் ஆங்கிலமாக்கிய அதே பண்டிதர், ஐந்தாண்டு கழித்துத் தமிழருக்குத் துப்பறியும் கதை தர நினைத்தபோது கிளாஸ்கோவுக்குச் சென்றார். சுவடு பார்ப்பவன் கதையிலும் இருந்தான், சட்டத்திலும் இருந்தான், ஜில்லாவின் ஊர்தோறும் மேரை வாங்கிக்கொண்டும் இருந்தான்; அச்சேறிய நாவலுக்குள் மட்டும் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

பின்வந்தவர்கள் அவ்வழியையே ராஜபாட்டையாக்கினார்கள். வடாற்காட்டு ஆரணியிலிருந்து வந்த குப்புசாமி முதலியார், 'ஆனந்தபோதினி'யின் ஆசிரியராக விளங்கி, ஆங்கில நாவல்களைத் தழுவித் தழுவி எழுதிக் குவித்தார். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் லண்டன், 'இரத்தினபுரி'யாயிற்று. லண்டனைக் கழித்துவிட்டார், சரி, அதற்குப் பதிலாக ஆற்காட்டையோ வேலூரையோ வைத்திருக்கலாமே! இரத்தினபுரி எந்த வரைபடத்திலும் இல்லாத நகரம். அங்கே எந்தத் தலையாரி காவல் இருப்பான்? ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் வெளிவந்து பதிப்புமேல் பதிப்பாக விற்றது. அதில் வரும் துப்பறியும் கோவிந்தனின் பெயர் வீடுதோறும் பரவியது. சமூகத்தின் பொய்ம்மைகளை ரங்கராஜு சாடும் இடங்களில் உண்மையான ஆவேசம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். வடுவூர் துரைசாமி ஐயங்கார் இவர்களுள் விலக்கு. 'கும்பகோணம் வக்கீல்' என்று தலைப்பிலேயே ஊரை நாட்டியவர் அவர். தாசில்தார் உத்தியோகம் பார்த்தவர் என்றும் சொல்வார்கள். தஞ்சைச் சீமையின் உத்தியோகஸ்தரும் மிராசுதாரரும் அவர் கதைகளில் தங்கள் தோரணையோடு நடமாடுகிறார்கள். என்றாலும் அவருடைய துப்பறிவாளரான திகம்பர சாமியார் அமானுஷ்ய சாமர்த்தியத்தால் வெல்பவரேயன்றி, களத்துமேட்டு மண்ணைப் படிப்பவர் அல்லர்.

மேல்நாட்டிலிருந்து கதை இங்கே வந்த அதே ஆண்டுகளில், இங்கிருந்து மேல்நாட்டுக்குத் துப்பறியும் வித்தையே சென்றது என்பதையும் நினைக்க வேண்டும். கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை வங்காளப் போலீஸில் அஜீஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இருவர் உருவாக்கி உதவ, 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் தொடங்கிற்று. 1901-இல்தான் லண்டன் ஸ்காட்லாந்து யார்டு அதைக் கைக்கொண்டது. முறைக்கு வழங்கும் பெயர் அவர்களுக்கு மேலதிகாரியாயிருந்த எட்வர்ட் ஹென்றியுடையது.

இந்த வரலாற்றில் மனத்தை வருத்தும் பகுதி இனித்தான் வருகிறது. சித்தூர், நெல்லூர் எல்லைகளில் சுவடு பார்ப்பதிலும் காட்டை அறிவதிலும் தேர்ந்தவர்கள் யானாதிகளும் இருளர்களும். எலிவளையையும் பாம்புத் தடத்தையும் பார்வையாலேயே பிரித்தறியும் அம்மக்களுள் யானாதிகள் பல கிராமங்களில் காவலுக்கே அமர்த்தப்பட்டிருந்தார்கள் என்று தர்ஸ்டன் போன்ற இனவரைவியலாளர் எழுதியிருக்கிறார்கள். அதே யானாதிகளில் ஒரு பகுதியினரையும், எருகலர் என்றும் குறவர் என்றும் வழங்கிய மக்களையும், 1911-இல் சென்னை ராஜதானிக்கும் விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் பதிவேட்டில் ஏற்றியது. பிறந்த குலமே குற்றத்துக்குச் சாட்சியாயிற்று. ஊரைக் காத்தவனையே இரவில் ஆள் இருக்கிறானா என்று பெயர் கூப்பிட்டுப் பார்க்கும் நிலைக்குத் தள்ளிய அச்சட்டம் நாடு முழுவதிலும் 1952-இல்தான் ஒழிந்தது. குலத்தைப் பார்த்துக் கைவிலங்கு பூட்டும் போலீஸுக்குச் சுவட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் ஏன் வரப்போகிறது? நம் துப்பறியும் நாவலாசிரியர்களுள் ஒருவராவது, பதிவேட்டில் பெயர் ஏறிய ஒரு காவற்காரனை நடுவில் நிறுத்தி, களவு செய்தவன் அவனல்லன் என்று அவனுடைய சுவடறிவைக் கொண்டே நிரூபிக்கும் கதையை எழுதியிருந்தால், அது இலக்கியத்துக்கும் நியாயத்துக்கும் ஒருங்கே செய்த தொண்டாகியிருக்கும்.

கதைக்கு வேண்டிய சாமான்கள் அந்தப் பூமியில் எவ்வளவு இருந்தன! ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாராயணவனத்துக்கு அருகேயுள்ள புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியத்தால் தென்னாடு முழுவதும் பெயர் பெற்றது. 'புத்தூர் கட்டு' என்றால் சென்னையிலும் சேலத்திலும் தெரியாதவர் இல்லை. இரவில் மதிலேறிக் குதித்துத் தப்பிய திருடன் ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் எந்த ஜில்லாக்காரனானாலும், எந்தப் பாஷை பேசினாலும், வலி பொறுக்கமாட்டாமல் இரண்டொரு நாளில் அவன் வண்டியேறி வந்து இறங்கக்கூடிய இடம் புத்தூர். பச்சிலைச் சாறும் முட்டை வெண்கருவும் பூசி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருடைய முறிவுகளையும் பார்த்த வைத்தியருக்கு, மரத்திலிருந்து விழுந்தவன் யார், வண்டி ஏறி நசுங்கியவன் யார், உயரத்திலிருந்து குதித்தவன் யார் என்று தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிட முடியாதா? இடக்காலை இழுத்த சுவட்டை எல்லை வரையில் தொடர்ந்து வந்த ஒரு தலையாரி அந்தத் திண்ணையில் வந்து நிற்பதற்கு, கோவிந்தனின் மாறுவேஷமோ திகம்பர சாமியாரின் மந்திரசக்தியோ தேவையில்லை. இத்தகைய கதையில் முடிச்சு சற்றுத் தளர்ந்திருந்தாலும் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

தலையாரியின் உத்தியோகம் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் வேறு வேறு ஆண்டுகளில் உருமாறிற்று. தமிழ்நாட்டில் 1980-இல் எம். ஜி. ராமச்சந்திரனின் அரசாங்கம் பரம்பரைக் கிராம உத்தியோகங்களை ஒழித்தது. நாராயணவனம் அடங்கிய ஆந்திரத்தில் 1984-இல் என். டி. ராமராவின் அரசாங்கம் அவ்வாறே செய்தது. முன்சீபும் கர்ணமும் பதவி இழந்து, அவர்கள் வேலை சர்க்கார் நியமிக்கும் அதிகாரிகளிடம் சென்றது. பரம்பரைப் பாத்தியதையால் ஊரை அடக்கியாண்ட பல குடும்பங்களின் அதிகாரம் அதனால் குறைந்தது. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. தலையாரி மட்டும் கிராம உதவியாளன் என்ற புதுப்பெயரோடு வேலையில் தொடர்ந்தான். இன்று அவன் நோட்டீசு சார்வு செய்கிறான், பயிர்க்கணக்குக்கு உடன் போகிறான், வெள்ளம் வந்தால் தாசில்தாருக்குத் தகவல் சொல்கிறான். களவு போனால் ஜனங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் செல்கிறார்கள்.